மூடி மேல் இரண்டு விரல்

பாட்டிலைக் கொடுத்துவிட்டும் கையை எடுக்காத ஒயின் ஷாப்காரர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பலகை மேல் குவார்ட்டரை வைப்பார். வைத்ததும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூடி மேல் உட்கார்ந்துவிடும். வந்தவன் பாட்டிலைப் பிடித்து இழுப்பான், வராது. அவர் மெதுவாகக் கேட்பார்.

"சாப்டியா?"

இதைக் கேட்காமல் ஒரு பாட்டிலும் அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை. இரண்டாயிரத்து ஏழில் நான் சூப்பர்வைசராக அங்கே போய்ச் சேர்ந்தபோது இது எனக்கு மகா எரிச்சலாக இருந்தது. அவர் சேல்ஸ்மேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். புவனகிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். நான் கடலூர் செம்மண்டலம், கெமிஸ்ட்ரி படித்தவன். படித்த படிப்புக்கு எத்தனால் பற்றி எழுதத்தான் தெரியும், விற்க வேண்டியிருக்கும் என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. சாராய வியாபாரத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்ட புதிதில், வேலை கிடைத்தால் போதும் என்று எழுதிப் போட்ட ஆயிரக்கணக்கான பட்டதாரிகளில் நாங்களும் இரண்டு பேர்.

கடை இருந்தது ஒரு திட்டில். சிதம்பரத்திலிருந்து பஸ், அப்புறம் படகுத்துறை, அங்கிருந்து இருபது நிமிடம் படகு. திட்டைச் சுற்றிக் கழி. ஆறும் கடலும் கலந்து கிடக்கிற உப்புத்தண்ணீரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பார்க்கக் குளம் மாதிரி அசையாமல் இருக்கும். காற்று திரும்பினால் ஆளை முழுங்கிவிடும். செம்மண்டலத்திலிருந்து நான் தினமும் இரண்டு பஸ் மாறி, படகேறி, சட்டை முழுக்க உப்பும் ஈரமுமாகப் போய் இறங்கும்போது பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரை இவருடைய "சாப்டியா?" வாங்கும்.

திட்டில் மொத்தமே நூற்றுச்சொச்சம் வீடு. எல்லாரும் மீன் தொழில். ஒரு காலத்தில் ஐஸ் அடுக்கி வைத்திருந்த கொட்டகைதான் எங்கள் கடை. சட்டப்படி இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். படகுக்காரர் சட்டப்படி எட்டு மணி. படகுக்காரர் சட்டம்தான் ஜெயித்தது.

அந்த ஊருக்குக் கடை வந்த கதை வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது. எல்லா ஊரிலும் பெண்கள் கடையை எடுக்கச் சொல்லித்தான் மனுக் கொடுப்பார்கள். இந்தத் திட்டுப் பெண்கள் கடை வேண்டும் என்று கடலூருக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தவர்கள். சுனாமி ஒரு பக்கம் தூக்கிப் போனது போக மிச்சமிருந்த ஆண்கள், கழியைத் தாண்டி அக்கரைக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு, தள்ளாடிக்கொண்டு படகை ஓட்டி வந்து தண்ணீரில் விழுந்து செத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் இரண்டு பேர். அதற்கப்புறம்தான் பெண்கள் கிளம்பினார்கள். முதல் கையெழுத்துப் போட்டவள் தனம்.

அவள் என்னிடமே சொன்னாள். "கடலு எடுத்தது பத்தாதா சார்? வாய்க்கா மாதிரி கெடக்குற தண்ணில வேற சாவணுமா? குடிக்கிறவன் குடிக்கத்தான் போறான். இங்கயே குடிச்சிட்டு மண்ணுல வுழட்டும். தூக்கிப் போட்டுக்கலாம்."

ஆகக் கடையால் தண்ணீர்ச் சாவு நின்றது. ஆனால் கடை நிற்க வேண்டும் என்றால் சரக்கு ஓட வேண்டும். ஓடாத கடையை மூடிவிடுவோம் என்று மேலதிகாரி மாதம் ஒருமுறை போன் போட்டு மிரட்டுவார். மூடினால் மறுபடி அக்கரைக்குப் போவார்கள். ஜாஸ்தி விற்றாலோ ஊரே ஈரல் வீங்கிச் சாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷர் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இது எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

சாப்டியா என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? எல்லாரும் சாப்ட்டேன் என்பார்கள். அதற்கும் அவரிடம் வழி இருந்தது.

"என்ன சாப்ட்ட?"

"மீன் கொழம்பு மாமா."

"என்ன மீனு?"

"வவ்வாலு."

"யோவ், நேத்துலேந்து எவன் வலையிலயும் வவ்வாலு வுழல. உனக்கு மட்டும் ஊட்டுக் கெணத்துல வந்துச்சா? போயி ரெண்டு வாய் தின்னுட்டு வா. எங்கயும் ஓடிடாது, உம் பாட்டில் இங்கதான் இருக்கும்."

நெல் வயல் ஊர்க்காரர். இங்கே வந்தபோது மத்திக்கும் மடவைக்கும் வித்தியாசம் தெரியாதவர். ஆனால் தினமும் காலையில் படகிலிருந்து இறங்கியதும் நேரே கடைக்கு வராமல், கரையில் கொட்டுகிற வலைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வருவார். நான் மீன் வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு நாளும் வாங்கவில்லை. எவன் பொய் சொல்வான் என்று பிடிப்பதற்காகப் பார்த்தார்.

போன ஆள் முணுமுணுத்துக்கொண்டே போவான். அரை மணியில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவான். சில பேர் வாயை முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். சில பேர் வீட்டில் மனைவி மக்களோடு பேச்சில் உட்கார்ந்து, திரும்பி வராமலேயே போய்விடுவார்கள். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது போல.

"ஏங்க, நாம என்ன சத்திரமா நடத்துறோம்? வாங்குறவன் வாங்கிட்டுப் போறான். உங்களுக்கு என்னா வந்துச்சு?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

"வெறும் வயித்துல ஊத்துனா எரியும் சார்," என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஒருமுறை மேலதிகாரியே நேரில் வந்துவிட்டார். படகு ஆடிய ஆட்டத்தில் முகம் வெளுத்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். வந்ததும் வராததுமாக, "என்னய்யா கடை நடத்துறீங்க? இதெல்லாம் ஒரு விற்பனையா? இழுத்து மூடிட்டுப் போங்க," என்று ஆரம்பித்தார். இவர் அமைதியாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"சார், சாப்டீங்களா?"

அதிகாரி வாயைத் திறந்தபடி நின்றார். அவர் வாழ்க்கையில் எந்த ஒயின் ஷாப்பிலும் யாரும் அவரை இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அரை மணி கழித்து, எங்கிருந்தோ வந்த நண்டுக் குழம்பும் சோறுமாக அவர் கை வழிய வழியச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போகும்போது, "இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்," என்றார். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகமிருக்கிறது. அந்தத் திட்டில் நான் சிரித்த நாட்கள் குறைவு.

தனத்தின் புருஷன் கலியமூர்த்தி. நல்ல தொழில்காரன், நல்ல குடிகாரன். இரண்டாயிரத்துப் பத்தில் வயிறு பானையாக வீங்கி, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தான். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த அன்றே தனம் கடையின் பின்பக்கம் வந்தாள்.

"அண்ணே, அவருக்குக் குடுக்காதீங்க. காலுல வேணாலும் வுழறேன்."

"எந்திரிம்மா. குடுக்கமாட்டேன். போ," என்றார்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்குக் கலியமூர்த்தி வந்து நின்றான். கால் குச்சியாகியிருந்தது. இவர் இல்லை என்று சொல்லவில்லை. குடு என்று அவன் கேட்பதற்கு முன்பே, "சாப்டியா மச்சான்?" என்றார். இவர் தன்னுடைய டிபன் கேரியரைத் திறந்தார். புவனகிரியிலிருந்து அவர் மனைவி கட்டி அனுப்புகிற சோறு. எப்போதும் ஒரு ஆளுக்கு மேலாகவே இருக்கும். உள்ளே கூப்பிட்டுப் பிராந்திப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார். அவன் சாப்பிட்டான்.

அப்புறம் அது தினமும் நடந்தது. இரண்டு மணிக்கு வருவான். சாப்பிடுவான். சாப்பிட்ட பிறகு, "மாமா, ஒரே ஒரு குவார்ட்டரு," என்று கேட்பான். இவர் கேட்காத மாதிரி வலையைப் பற்றியோ, அவன் பெண் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைப் பற்றியோ பேசுவார். அவன் திட்டுவான். ஒரு நாள் அழுதான். ஒரு நாள் சோற்றைத் தட்டிவிட்டான். இவர் அதைக் கூட்டி அள்ளிவிட்டுப் பெட்டியை மறுபடி சரியாகப் போட்டு, "உக்காரு," என்றார். பொழுது சாயும் வரை அவனை எதையாவது சொல்லி இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். பொழுது சாய்ந்தால் அவன் தனியாகக் கழியில் இறங்க மாட்டான், வீட்டுக்குப் போய்விடுவான்.

வேறு ஆளை அனுப்பியும் பார்த்தான். "உனக்கு ரம்முதானே ஒத்துக்கும், பிராந்தி யாருக்கு?" என்று இவர் கேட்டதும் வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு ஓடினான். ஊரில் ஒவ்வொருவனுக்கும் எது ஒத்துக்கொள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இப்படி ஏழு மாதம். கலியமூர்த்திக்கு வயிறு வற்றி, கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. தனம் ஒரு நாள் கோலா உருண்டை செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அவருடைய அக்கா மகளுக்குத் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் முடியாது. இரண்டு நாள் லீவு. கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் வந்து சொன்னார்.

"கலியமூர்த்தி வந்தா குடுத்துடாதீங்க சார். ஆனா போன்னு சொல்லாதீங்க. உக்கார வைங்க, ரெண்டு வாய் சோறு போடுங்க. பொழுது சாய வரைக்கும் ஓட்டிட்டீங்கன்னா போதும்."

"சரி சரி, பாத்துக்கறேன்," என்றேன். முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கினேன்.

அடுத்த நாள் காற்று. காலையிலிருந்து ஒரு படகும் தொழிலுக்குப் போகவில்லை. என்னை ஏற்றி வந்த படகே தாறுமாறாக ஆடியதில் நனைந்து, தலைவலியோடு வந்திருந்தேன். தொழிலுக்குப் போகாத ஆண்கள் எல்லாம் கடையில். தனி ஆளாக எடுத்துக் கொடுத்துக் கொடுத்து இடுப்பு விட்டுப்போயிற்று. இரண்டு மணிக்குத்தான் கூட்டம் விட்டது. தயிர் சாத டப்பாவைத் திறந்து முதல் வாய் வைத்தேன். எதிரே கலியமூர்த்தி நின்றான்.

"மாமா இல்லியா சார்?"

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"நாளன்னிக்கு."

போவான் என்று பார்த்தேன். போகவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த அந்தப் பிராந்திப் பெட்டியைப் பார்த்தான். என் டப்பாவைப் பார்த்தான்.

"ஒரு குவார்ட்டரு..."

"உனக்குக் கிடையாதுன்னு தெரியுமில்ல? சும்மா உயிர வாங்காத. போய்யா," என்றேன்.

சொல்லிவிட்டு நான் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டேன். ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சாப்பிட எனக்குப் பிடிக்காது. திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை. நிம்மதி என்று நினைத்துக் கையைக் கழுவினேன்.

அவன் நேரே கரைக்குப் போய், தன்னுடைய சின்னப் படகை அந்தக் காற்றில் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போயிருக்கிறான். அக்கரைக் கடையில் அவனை யாருக்குத் தெரியும்? எவ்வளவு கேட்டானோ அவ்வளவும் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது படகு மட்டும் வந்தது. மறுநாள் சாயந்திரம் அவனைக் கழியோரத்துச் சுரபுன்னை மர வேர்களுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை இவர் படகிலிருந்து இறங்கினார். கையில் இரண்டு தாம்பூலப் பை. ஒன்று எனக்கு. இன்னொன்றை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கரையிலேயே விஷயம் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

கடை வாசலுக்கு வந்து என்னைக் கேட்டார். "சார், இங்க வந்தானா?"

"வந்தான். குடுக்கல. நீங்க சொன்னமாதிரி குடுக்கவே இல்ல."

"சாப்டியான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கேட்டேன். சாப்ட்டேன்னான்."

"என்ன சாப்ட்டானாம்?"

"மீன் கொழம்பு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் வாரைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "என்ன மீனு சார்?"

"கெழங்கான்," என்றேன்.

அன்றைக்கு ஊரில் ஒரு படகும் தொழிலுக்குப் போகவில்லை. காற்று அடித்தது அவருக்குத் தெரியும். திட்டில் ஒரு கிழங்கான் கிடையாது என்று அவருக்குத் தெரியும் என்பதும் சொல்லி முடித்த அடுத்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்களில் யாராவது சொல்லியிருந்தால் "யோவ்" என்று கையும் களவுமாகப் பிடித்திருப்பார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "சரி சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

கருமாதி முடிந்த மறுநாள் தனம் வந்தாள். சண்டை போட வருகிறாள் என்று நான் எழுந்து நின்றேன். அவள் குரலே எழும்பவில்லை.

"உங்களத் தப்பு சொல்ல வரலண்ணே. குடுக்காதீங்கன்னு நாந்தான் சொன்னேன். தண்ணியில சாவக்கூடாதுன்னு கடைய கேட்டதும் நாந்தான். நீங்க குடுத்திருந்தா ஊட்டுலயே செத்திருப்பாரு. மொகத்தையாவது முழுசா பாத்திருப்பேன்."

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கேட்க வேண்டிய ஆள் நான்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய கோழை நான்!

அன்றிலிருந்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். பாட்டிலை வைப்பார், கையை எடுத்துவிடுவார். முதல் நாள் வந்தவர்களுக்கு எடுத்துக்கொண்டு போகத் தெரியவில்லை. பாட்டில் பலகையில் இருக்கும், ஆள் எதிரே நிற்பான். "மாமா, நான் சாப்ட்டேன். கானாங்கெளுத்தி," என்று ஒருவன் தானாகவே சொல்லிப் பார்த்தான். "எடுத்துட்டுப் போ," என்றார். நாலைந்து நாளில் பழகிவிட்டார்கள். காலையில் வலைகளைப் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டார். டிபன் கேரியரில் ஒரு ஆள் சோறு மட்டும் வந்தது. அதிலும் பாதி திரும்பிப் போயிற்று.

சரக்கு மளமளவென்று ஓட ஆரம்பித்தது. மேலதிகாரி போன் போட்டார். "இப்பத்தான்யா அது கடை மாதிரி இருக்கு!" என்று பாராட்டினார்.

இரண்டு மாதத்தில் அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போதும் என்னிடம் மரியாதைக்குக் குறைவில்லை. "வரேன் சார்," என்றார். அடுத்த வருஷம் திட்டுப் பெண்கள் துடைப்பத்தோடு கடை முன்னால் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் தனம். கடையை எடுத்துவிட்டார்கள். என்னைக் கடலூரிலேயே ஒரு கடைக்குப் போட்டார்கள். பஸ் மாற வேண்டாம், படகு வேண்டாம். ஆனாலும் தினமும் சாயந்திரம் அதே அலுப்புதான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு சர்டிபிகேட் விஷயமாகச் சிதம்பரம் போயிருந்தேன். ஆபீசில் நாளைக்கு வா என்றார்கள். மத்தியானம் வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது வழியில் ஒரு கடை. கம்பி வலை, கம்பிக்கு நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதன் முன்னால் முப்பது நாற்பது பேர் முண்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை வழியாக உள்ளே தெரிந்த கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு விரல்களை நான்கு வருஷம் பார்த்தவன் நான்.

எனக்குக் குடிக்கிற பழக்கம் கிடையாது. ஆனாலும் வரிசையில் நின்றேன். முழங்கை இடித்து, வேர்வை வழிய, கால் மணி நேரம் ஆயிற்று. அவர் நிமிரவே இல்லை. ரூபாய் உள்ளே போகும், பாட்டில் வெளியே வரும், அடுத்த கை. எந்த முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, கம்பி வலையில் அவ்வளவு அழுக்கு.

என் முறை வந்தது. "ஒரு குவார்ட்டர்," என்று கையை நீட்டினேன்.

பாட்டில் வந்தது. அவர் கை உடனே உள்ளே போயிற்று. நான் எடுக்கவில்லை.

"எடுங்க, எடுங்க. பின்னாடி ஆளு நிக்குதில்ல," என்றார் குனிந்தபடியே.

"நான் இன்னும் சாப்புடல," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. ஓட்டை வழியாக என்னையே பார்த்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அன்னிக்கு அவனையும் நான் கேக்கல. நான் தின்னுக்கிட்டிருந்தேன், அவன் நின்னுக்கிட்டிருந்தான். போன்னு சொல்லிட்டேன். கெழங்கான்னு சொன்னது பொய்."

"தெரியும் சார்," என்றார்.

பின்னாலிருந்து ஒருவன், "யோவ், வாங்குனா நகருய்யா!" என்று கத்தி என் தோளைப் பிடித்துத் தள்ளினான். நான் பாட்டிலை எடுக்கக் கை வைத்தேன். அது வரவில்லை.

கம்பிக்கு வெளியே நீண்டிருந்த அவருடைய இரண்டு விரல்களும் மூடி மேல் இருந்தன.

"மணி மூணாவுது. இந்நேரம் வரைக்கும் ஏன் சார் சாப்புடல?" என்றார்.